சுங்கம் ஸ்டாப்பில் கிடைத்த வீடு

மாசாணியம்மாளுக்கு உலகத்தில் எதிரி என்று ஒருவரும் கிடையாது, பஸ்ஸைத் தவிர. சூலூரில் ஏறி சிங்காநல்லூர் வருவதற்குள் முகம் வெளுத்துவிடும். கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை, எப்படியாவது ஒரு ஜன்னல் சீட்டு என்று சகல ஆயுதங்களோடும்தான் ஏறுவாள். ஆனாலும் டீசல் வாசனைதான் ஜெயிக்கும். அந்த ரூட்டு கண்டக்டர்களுக்கு அவளை நன்றாகத் தெரியும். "அம்மணிக்கு ஜன்னலை உடுங்க, இல்லீன்னா நமக்குத்தான் கஷ்டம்" என்று டிக்கெட் கிழிப்பதற்கு முன்பே சத்தம் போட்டுவிடுவார்கள்.

அப்படிப்பட்டவளைத்தான் 1993இல் கோயமுத்தூருக்கு மாற்றினார்கள். அவள் வேலை பார்த்த சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மிஷின் வந்துவிட்டது, இனி ஆள் வேண்டாம் என்றார்கள். இங்கே ட்ரங்க் போர்டில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. வெளியூருக்குப் பேச வேண்டும் என்று பதிவு செய்கிறவர்களுக்கு லைன் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. மாசாணியின் குரல் அவ்வளவு நல்ல குரல். "லைன் கிடைக்கலீங்க" என்று அவள் சொன்னால், அந்தப் பக்கம் இருப்பவர் கோபிப்பதற்குப் பதிலாக நன்றி சொல்லிவிட்டு வைப்பார். நான் அதையே சொன்னால் மேலதிகாரி பேரைக் கேட்பார்கள்.

குரல் இருந்து என்ன பயன்? காலை ஷிப்டுக்கு வந்து சேர்ந்தால் ஓய்வறையில் படுத்து எழுந்த பிறகுதான் அது வெளியே வரும். சூப்பர்வைசர் இரண்டு தடவை கூப்பிட்டு, இப்படியே போனால் மேலே எழுத வேண்டியிருக்கும் என்றார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மாசாணி டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே சொன்னாள்.

"தீபாவளிக்குள்ள நடந்து வர்ற தூரத்துல ஒரு ஊடு கெடைக்கோணும் புவனாக்கா. இல்லீன்னா வேலையை உட்டுப்போடறேன்."

எனக்கு வந்ததே கோபம். அவர்கள் குடும்பத்தில் அரசாங்க வேலைக்கு வந்த முதல் ஆள் அவள். அம்மா சின்னத்தாயி இன்னமும் பிறத்தியார் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். கணவன் ஆல்வின் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். தங்கமான பையன். ஆனால் லேத் ஓட்டுகிறவன் சம்பளத்தில் தங்கம் வாங்க முடியாது. இந்த லட்சணத்தில் பஸ்ஸுக்குப் பயந்து வேலையை விடுகிறாளாம்! "உட்டுப்பாரு, நானே உன்னை லாரியில ஏத்தி உடறேன்" என்று திட்டிவிட்டு, அன்றைக்கே வீடு தேடக் கிளம்பினேன்.

புரோக்கர் நரசிம்மலு கிடைத்தார். கக்கத்தில் ஒரு தோல் பை, வாயில் வெற்றிலை, எதைக் கேட்டாலும் 'இருக்குதுங்க' என்ற பதில். நடக்கிற தூரத்தில் வேண்டும், வாடகை கட்டுப்படியாக வேண்டும், குழாயில் சிறுவாணித் தண்ணீர் வர வேண்டும் என்றோம். மூன்றுமே இருக்கிறது என்றார். இருந்தது. ஆனால் ஒரே வீட்டில் இல்லை. சிறுவாணி வந்த வீட்டில் வாடகை அவளுடைய சம்பளத்தைப் பார்த்துச் சிரித்தது. வாடகை குறைந்த வீட்டில் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை. "எக்ஸ்சேஞ்சு இங்கிருந்து கூப்பிடு தூரந்தானுங்க" என்று ஒரு வீட்டைக் காட்டினார். அங்கிருந்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட வேண்டுமென்றால் ட்ரங்க் கால்தான் போட வேண்டும்.

ஒரு வீட்டுக்காரர் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி எங்கீங்க நிறுத்தியிருக்கீங்க?" என்றார். வண்டி இல்லை என்றதும் அவருக்கு எங்கள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. காய்கறிக்காரர் முதல் கல்யாணத் தரகர் வரை ஆளுக்கொரு மொபெட்டில் பறந்துகொண்டிருந்த காலம் அது. மாசாணியும் ஆல்வினும் அரசாங்கத்திலும் பட்டறையிலும் சம்பாதித்துக்கொண்டு ஒரு ஓட்டை சைக்கிளோடு வந்து நின்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாத சங்கதி ஒன்றும் இருந்தது.

வீடும் பிடித்து, வாடகையும் ஒத்துவந்து, தண்ணீரும் சரியாக இருந்தால், மோர் வரும். மோரைக் குடித்து முடிக்கும்போது அந்தக் கேள்வி வரும். எங்கள் ஊரில் யாரும் நேராகக் கேட்டுவிட மாட்டார்கள். அவ்வளவு மரியாதை. "சூலூர்ல யாரு ஊட்டுப் புள்ளைங்க?" என்பார்கள். "உங்களுக்கு எந்தக் கோயிலுங்க?" என்பார்கள். மாசாணிக்குப் பொய் வராது. "ஊருக்குத் தெக்கால காலனிங்க" என்பாள். உடனே யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றுவார்கள். "அதுக்கென்னங்க, பாக்கலாமுங்க. பையன் பெங்களூர்ல இருந்து வாரேன்னு சொல்லியிருக்கான், ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றோமுங்க" என்பார்கள். வாசல் வரை வந்து கும்பிட்டு வழியனுப்புவார்கள். அந்த வருடம் பெங்களூரிலிருந்து கோயமுத்தூருக்குத் திரும்பி வருவதாக இருந்த பையன்கள் எல்லோரும் வந்திருந்தால், ரயிலில் இடம் போதாது.

எங்கள் சித்தப்பாவுக்கு ராமநாதபுரத்தில் இரண்டு வீடு. ஒன்று பூட்டியே கிடந்தது. நானே போய்க் கேட்டேன். காபி கொடுத்தார், மாசாணியின் படிப்பையும் வேலையையும் விசாரித்துப் புகழ்ந்தார், கடைசியில் "பாக்கலாங்கண்ணு" என்றார். வெளியே வந்து மாசாணியின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவளோ, "உங்க சித்தப்பா ஊட்டுக் காபி நல்லா இருந்துச்சுக்கா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அது நடந்தது. அன்றைக்குக் காலை பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் ஒருவர் கோழிக் கூடையோடு உட்கார்ந்துவிட்டார். ராமநாதபுரம் தாண்டும்போதே கண் இருட்டியது. சுங்கம் ஸ்டாப்பில் இறங்கினாள், இறக்கிவிட்டார்கள் என்பதுதான் சரி. பக்கத்துச் சந்தில் நுழைந்து, ஒரு வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தாள்.

கேட்டுக்கு உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நாச்சியம்மாள். பல்லடம் பக்கம் தோட்டமும் கோழிப்பண்ணையும் உள்ள குடும்பம். கணவர் போன பிறகு தோட்டத்தை மகனிடம் விட்டுவிட்டு இந்த வீட்டில் தனியாக இருந்தார். சோடா பாட்டில் கண்ணாடி, ஓங்கிய குரல். கீரையைப் போட்டுவிட்டு ஓடி வந்து மாசாணியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். முகம் கழுவிவிட்டார். உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைத் தன்னுடைய டம்ளரிலேயே கொடுத்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"எத்தனை மாசங்கண்ணு?"

மாசாணியின் வாயில் டம்ளர் இருந்தது. நாச்சியம்மாளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. "மூணு இருக்கும். மொகத்தைப் பாத்தாலே தெரியுதே. மூணாம் மாசம் இப்படித்தான் போட்டு எடுக்கும்" என்று தானே முடித்துவிட்டார். "இந்த நெலமையில பஸ்ஸுல எங்க கண்ணு போறே?"

கொஞ்சம் தெளிந்ததும், வேலைக்குப் போவதாகவும் இந்தப் பக்கம் வீடு தேடுவதாகவும் மாசாணி சொன்னாள். இங்கே எங்கேயாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டாள். நாச்சியம்மாள் வீட்டுப் பின்கட்டு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. வந்து கேட்டவர்களில் ஒருத்தர் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் இன்னொருத்தரின் குரல் பிடிக்கவில்லை. ஆனால் இப்போது கேட்டது யார்? வயிற்றுப் பிள்ளைக்காரி. பிள்ளைத்தாச்சி வாய் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது, சொன்னால் சொன்னவர்கள் வீட்டுக்கு ஆகாது. இது எங்கள் பக்கத்துச் சட்டம், இதற்கு அப்பீல் கிடையாது. மாங்காய் கேட்டால் மாங்காய், வீடு கேட்டால் வீடு. நாச்சியம்மாள் சாவியை எடுத்து வந்து கையில் கொடுத்துவிட்டார். "வாடகை உன்னால ஆனதைக் குடு" என்றார். குழாயில் சிறுவாணி வந்தது. எக்ஸ்சேஞ்சு, நிதானமாக நடந்தால் அலுப்பே வராத தூரம்.

எந்தக் கோயில் என்று அவர் கேட்கவே இல்லை. எத்தனை மாதம் என்ற கேள்வியிலேயே மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

எக்ஸ்சேஞ்சுக்கு வந்து இதை என்னிடம் சொல்லும்போது மாசாணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நான் பொய் சொல்லலைக்கா. ஆனா இல்லீன்னும் சொல்லலை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கல்யாணம் ஆயி நாலு வருசத்துல என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. கேக்க நல்லா இருந்துச்சு" என்றாள். "வாயை மூடிக்கிட்டுப் பால் காய்ச்சுற வழியைப் பாரு" என்று நான்தான் சொன்னேன். இன்றைக்கும் அதற்காக எனக்கு வருத்தமில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். அதற்குப் பிறகு மாசாணியைப் பார்க்க வேண்டுமே! விடியற்காலையில் கையை வீசிக்கொண்டு திருச்சி ரோட்டில் நடந்து வருவாள். வாலாங்குளத்து நாற்றம்கூட அவளுக்குச் சந்தனமாக மணத்தது. போகிற பஸ்களைப் பார்த்துச் சிரிப்பாள். ஆல்வினுக்கு சிங்காநல்லூர் சைக்கிளில் சௌகரியம். சூப்பர்வைசர் மேலே எழுத வைத்திருந்த காகிதத்தில் வடை வைத்துச் சாப்பிட்டிருப்பார்.

நாச்சியம்மாளோ பிள்ளைத்தாச்சியைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். பப்பாளி வீட்டுக்குள் வரக் கூடாது. குடம் தூக்கக் கூடாது. தூக்கினால் ஆல்வினுக்குத் திட்டு விழும். செய்யாத காரியத்துக்கு வாழ்த்தையும் வசவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு அவன் தண்ணீர் சுமந்தான். எல்லாவற்றையும்விட நாச்சியம்மாளுக்குப் பெரிய கவலை, இவள் நடப்பதுதான்.

"இத்தனை தூரம் நடக்கலாமா கண்ணு? பேசாம பஸ்ஸுல போ" என்பார். எந்தச் சனியனுக்குத் தப்பித்து இங்கே வந்தாளோ அதிலேயே ஏறச் சொன்னால் என்ன செய்வாள்? "நடந்தா சுகப்பிரசவம் ஆகும்னு டாக்டர் சொன்னாங்க" என்று ஒரு நாள் வாயில் வந்துவிட்டது. அதுதான் அவள் சொன்ன முதல் பொய். அன்றைக்கு முழுக்க போர்டில் தப்புத் தப்பாக லைன் போட்டாள். ஈரோடு கேட்டவருக்கு ஊட்டி கிடைத்தது.

வயிறு தெரியவில்லையே என்று கேட்கிறீர்களா? நாச்சியம்மாளின் கண்ணாடிக்குப் பத்தடிக்கு அப்பால் எல்லாம் மூட்டம். மாசாணி கொசுவத்தைத் தாராளமாக வைத்துக் கட்டினாள். "தலைச்சன் புள்ளை ஒட்டித்தான் இருக்கும், என்ற மவனும் அப்படித்தான்" என்று நாச்சியம்மாளே சமாதானமும் சொல்லிக்கொண்டார். அந்த அம்மாளின் அன்பு கூடக்கூட இவளுக்கு உறக்கம் குறைந்துகொண்டே வந்தது. உண்மையைச் சொன்னால் வீடு போகும். வீடு போனால் மறுபடியும் பஸ், பஸ் என்றால் வேலை இல்லை. சொல்லாவிட்டாலோ, பத்தாம் மாதம் ஒன்று வந்துதானே தீரும்!

பத்தாம் மாதம் வரை போக வேண்டியிருக்கவில்லை. மாசி மாதம் நாச்சியம்மாள் கணக்கில் ஏழாம் மாதம் பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் கட்டுச்சோறு கொண்டுவருவார்கள். பிறந்த வீட்டுக்காரர்கள் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகக் கட்டி வந்து, பிள்ளைத்தாச்சியை உட்கார வைத்து, வயிறும் மனசும் நிறையப் போடுவார்கள்.

"தாலியறுத்துப்போட்ட நான் முன்ன நின்னு செய்யக் கூடாது" என்றார் நாச்சியம்மாள். "சமையல் பூரா நான் பாத்துக்கறேன். உங்கம்மா வந்து கையால போடட்டும். ஏங்கண்ணு, உங்கம்மாவை இதுவரைக்கும் நான் பாத்ததே இல்லையே. சூலூர்ல எந்தப் பக்கம்? யாரு ஊடு? நாளைக்கு நானே கார் வெச்சுட்டுப் போயி மொறையா அழைச்சுட்டு வாரேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே மாசாணி என் வீட்டுக்கு வந்துவிட்டாள், அதுவும் பஸ்ஸில் ஏறி. வாசலில் நின்று வாந்தி எடுத்துவிட்டு, "சொல்லிப்போடறேன்க்கா, கூட வந்து நில்லுங்க, போதும்" என்றாள். திரும்பும்போது, பொங்கலுக்கு நான் வாங்கியிருந்த மொபெட்டின் பின்னால் உட்கார்த்தி அழைத்துப் போனேன். வழி நெடுக மூட்டை கட்டுவதற்கு அட்டைப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

நாச்சியம்மாள் அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. தெருவே மணத்தது. புறப்படத் தயாராக வெள்ளைச் சேலை மாற்றியிருந்தார்.

மாசாணி உட்காரவில்லை. "அம்மா, எனக்குப் புள்ளை இல்லீங்க. எப்பவுமே இல்லீங்க. அன்னைக்கு பஸ்ஸு ஒத்துக்காமத்தானுங்க வாந்தி எடுத்தேன்" என்றாள். மூச்சு விடாமல் அடுத்ததையும் சொல்லிவிட்டாள். "எங்கம்மா ஊடு ஊருக்குள்ள இல்லீங்க. தெக்கால காலனியிலீங்க. காட்டு வேலைக்குப் போறவங்க. நீங்க வந்து அழைக்கற எடமில்லீங்க."

நாச்சியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அவள் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"நாலு மாசமா நான் பப்பாளி திங்கலை" என்றார் முதலில். "எனக்குப் பப்பாளின்னா உசுரு. உனக்கு ஆகாதுன்னு வாங்காம இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா ஊடு குடுத்திருப்பீங்களா?" என்று கேட்டாள் மாசாணி. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் போலக் கேட்டாள்.

நாச்சியம்மாள் நினைத்திருந்தால் 'அதுக்கென்ன கண்ணு' என்றிருக்கலாம். எங்கள் ஊர் முழுக்க அதைத்தான் சொல்லும்.

"குடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

ஐந்து மாதம் அலைந்தபோது மோரும் காபியும் கும்பிடும் வாங்கிக்கொண்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மாசாணி, அப்போது உடைந்து அழுதாள். இத்தனை பேரில் ஒருத்தராவது அவளை நேராகப் பார்த்து இல்லை என்று சொன்னார்களே! எனக்கும் அழுகை வந்தது. கூடவே நாச்சியம்மாளின் மேல் கோபமும் வந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. எதைச் செய்வது என்று தெரியாமல் போய் அடுப்பைத் தணித்தேன்.

"எதுக்கு இப்ப அழுவறே? அன்னைக்குக் குடுத்திருக்க மாட்டேன்னுதானே சொன்னேன். இப்பக் காலி பண்ணுன்னு சொன்னேனா?" என்று அதட்டினார் நாச்சியம்மாள். குரல் பழைய மாதிரி ஓங்கிவிட்டது. "பால் காய்ச்சுன ஊடு. நாலு மாசமா நீயும் நானும் ஒண்ணாப் பொழங்கியாச்சு. இனிமே போயி என்னத்தைக் கழுவறது? என்ற மவன் வந்தா நான் பதில் சொல்லிக்கறேன். மொகத்தைக் கழுவு." அடுப்புப் பக்கம் திரும்பியவர் சட்டென்று நின்றார். "இத்தனை புளிக்காய்ச்சலை நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? உங்கம்மாவை வரச் சொல்லு."

"எங்கம்மா இந்த மாதிரி ஊட்டுக்குள்ள வந்ததே இல்லீங்க."

"நானும் கூப்புட்டதே இல்லை. ரெண்டு பேருக்கும் புதுசு. வரட்டும்."

ஆல்வின் சைக்கிளை எடுத்துக்கொண்டு சூலூருக்குப் பறந்தான். மத்தியான பஸ்ஸில் சின்னத்தாயியை ஏற்றி அனுப்பினான். நாங்கள் மூன்று பேரும் கேட்டருகில் நின்றோம். சுங்கம் ஸ்டாப்பில் இறங்கிய சின்னத்தாயி சந்து முனைக்கு வந்ததும், காலிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பெரிய வீடுகள் இருக்கிற தெருவில் அவர் ஆயுசு முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறார். வெயிலில் தார் இளகிக் கிடந்தது. மாசாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நாச்சியம்மாள் இரண்டடி முன்னால் போனார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, செருப்பைக் கால்ல போட்டுட்டு வாங்க" என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "ரோடு சுடுது."